சிரித்து முடித்த பிறகு

நாடாளுமன்றம் கூடிவிட்டால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வகைக் காணொளி தவறாமல் வரும். ஓர் உறுப்பினர் எழுந்து ஏதோ கேட்கத் தொடங்குவார். அவர் கேட்டு முடிப்பதற்குள் காட்சி வெட்டுப்பட்டு, எதிரே ஒரு தலைவர் எழுந்து நிற்பார். ஒரே ஒரு வரிதான் சொல்வார். அவர் பக்கத்து வரிசைகள் மேசையைத் தட்டும். யாரோ சேர்த்துவிட்ட சினிமா இசை அதிரும். 'தரமான பதிலடி' என்று மேலே எழுதியிருக்கும். அனுப்புகிறவர் பெரும்பாலும் என் சித்தப்பா. செல்லூர்த் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர், தொழிற்சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தே அரசியல் படித்தவர். கட்சி பார்த்து அனுப்புகிற ஆளும் இல்லை. யார் யாரை மடக்கினாலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

"சித்தப்பா, அந்த எம்.பி. என்ன கேட்டாரு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதை விடும்மா. இவரு போட்ட போடைப் பாரு."

அந்த 'அதை விடும்மா' எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. சில காணொளிகளின் முழுப் பதிவைத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறேன். கேள்வி பெரும்பாலும் சாதாரணமானதாக இருக்கும்: ஒரு ரயில் நிறுத்தம், உதவித்தொகை பாக்கி, உரத் தட்டுப்பாடு. பதிலில் எதிர்க்கட்சியின் பழைய ஆட்சி இருக்கும், ஒரு பழமொழி இருக்கும், கேட்டவருடைய கட்சித் தலைவரைப் பற்றிய ஒரு குத்தல் இருக்கும். அந்த ரயில் நிற்குமா நிற்காதா என்பது மட்டும் இருக்காது. கேட்ட உறுப்பினரும் சிரித்தபடி உட்கார்ந்துவிடுவார். உட்காராமல் இருந்தால் சிடுமூஞ்சி என்பார்கள்.

மதுரையில் பிறந்தவளுக்கு இந்த ருசி புரியாமல் இல்லை. சாலமன் பாப்பையா நடுவராக உட்கார்ந்த பட்டிமன்றங்களைக் கோயில் திருவிழாப் பந்தலிலும் பொங்கல் தீபாவளித் தொலைக்காட்சியிலும் கேட்டு வளர்ந்த ஊர் இது. எதிரணி பத்து நிமிடம் கட்டி எழுப்பியதை ஒரே வரியில் கவிழ்க்கிறவருக்குத்தான் இங்கே கைதட்டு. அண்ணாவும் கலைஞரும் சட்டமன்றத்தில் யாருக்கு என்ன பதில் சொன்னார்கள் என்பதைச் சிறு புத்தகங்களாகப் போட்டு விற்றிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பரணிலும் அட்டை கிழிந்து இரண்டு கிடந்தன. நானும் விழுந்து விழுந்து சிரித்துத்தான் படித்தேன். பட்டிமன்றத்தில் அது சரி. அங்கே தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் யார் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் நின்றுபோவதில்லை.

சித்தப்பாவின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். அவர் சொல்வது இது: சுருக்கென்று ஒரு பதில் வருகிறது என்றால் அந்த ஆள் கேள்வியைக் காதில் வாங்கியிருக்கிறான் என்று அர்த்தம். ஐந்து நிமிடத்துக்குள் பாகிஸ்தான் எல்லை, வெங்காய விலை, மருத்துவ நுழைவுத் தேர்வு, மீனவர் கைது என்று நாலு திசையிலிருந்து கேட்பார்கள். அத்தனைக்கும் நின்றுகொண்டே பதில் சொல்ல மண்டையில் சரக்கு வேண்டாமா? "ஃபைலைப் பார்த்து வாசிக்கிறதுக்கு மந்திரி எதுக்கும்மா, கிளார்க்கு போதாதா?" என்பார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நகைச்சுவை கேட்பவன் கையிலும் இருக்கலாம் என்பதற்கு அவரே ஒரு கதை வைத்திருக்கிறார். சீனா பிடித்துக்கொண்ட அக்சாய் சின்னில் ஒரு புல்கூட முளைக்காது என்று நேரு சொன்னபோது, அவர் கட்சிக்காரரான மகாவீர் தியாகி தன் வழுக்கைத் தலையைக் காட்டி, இதிலும்தான் ஒன்றும் முளைக்கவில்லை, இதையும் வெட்டிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாராம். பலவிதமாகச் சொல்லப்படும் கதை. ஆனால் இதில் கேலி கேள்வியின் வேலையைச் செய்கிறது. காணொளிகளில் வரும் கேலி கேள்வியை அனுப்பி வைக்கிற வேலையைச் செய்கிறது. இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது டெல்லியைப் பார்த்து இல்லை, மேலூர்ப் பக்கம் ஒரு நாடக மேடையைப் பார்த்து.

நாடக மேடையில் நடந்த கூட்டம்

அம்மாவின் ஊர் மேலூருக்கு உள்ளே, பெரியாறுக் கால்வாய்த் தண்ணீரை நம்பி ஒருபோகம் விளைகிற ஊர். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். பட்டா மாறுதல் விஷயமாகப் போன இடத்தில், அன்று ஆகஸ்ட் 15 என்பதால், கிராம சபை நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை: குடியரசு நாள், மார்ச் 22, மே 1, சுதந்திர நாள், அக்டோபர் 2, நவம்பர் 1. ஐநூறுக்கு மேல் மூவாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வந்திருக்க வேண்டும் என்பது விதி. அன்று நாடக மேடைக்கு முன்னால் அந்த எண்ணிக்கை தேறிவிட்டது. 100 நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் முக்கால்வாசி. மேடையில் தலைவர், ஊராட்சிச் செயலாளர், ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த பற்றாளர், ஒரு நாற்காலியில் மாலை போட்ட காந்தி படம்.

தலைவர் நல்ல பேச்சுக்காரர். மைக்கைப் பிடித்தால் ஊரே வாயைப் பார்க்கும். வரவு செலவை மடமடவென்று வாசித்துவிட்டு, "கேளுங்கப்பா, என்ன வேணுமோ கேளுங்க" என்று சேலையும் வேட்டியுமாக உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். ஒரு இளவட்டம் எழுந்து, தெற்குத் தெருவில் நாலு விளக்கு எரியவில்லை என்றான். தலைவர் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "எரியலைன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? ராத்திரி தெற்குத் தெருவுல உனக்கு என்ன சோலி?" கூட்டம் வெடித்துச் சிரித்தது. பையன் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டான். 100 நாள் வேலையில் காலையும் மதியமும் செல்போனில் போட்டோ எடுத்து ஏற்றினால்தான் வருகை என்று ஆக்கிவிட்டார்கள், சிக்னல் கிடைக்காமல் எங்களுக்கு ஆப்சென்ட் விழுகிறது என்றார் ஒரு பெண். "நாளைக்குக் கொஞ்சம் பவுடர் போட்டு வந்து நில்லு, போட்டோவுல விழுந்துருவ." மறுபடியும் சிரிப்பு. கண்மாயில் கருவேலத்தை வெட்டச் சொன்னவரிடம், "வெட்டிருவோம், உன் ஆடு எங்க போயி மேயும்னு அதையும் நீயே சொல்லிரு" என்றார். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அந்த வேகத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் ரசிக்காமல் இருக்க முடியாது. செல்போனில் எடுத்திருந்தால் சித்தப்பாவுக்கு அனுப்பியிருப்பேன்.

பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். எழுந்து சேலையை உதறிக்கொள்ளவே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். மேட்டுத் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை என்றார்.

"ஏ அயித்த, தண்ணி இல்லைங்கிற. காலையில உன் வாசல்ல சாணி தெளிச்சுப் பெருசாக் கோலம் போட்டிருந்தியே, அது எந்தத் தண்ணி?"

சிரித்தார்கள். அந்த அம்மாவும் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் உட்காரவில்லை. மற்றவர்கள் எல்லாம் சிரிப்போடு உட்கார்ந்துபோயிருந்தார்கள். இவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். அடங்கியதும் அதே குரலில், "அது வயக்காட்டுக் கெணத்துத் தண்ணி மருமகனே. தலையில தூக்கியாந்தது. மேட்டுத் தெருவுக்கு மோட்டார் எப்ப வரும்?" என்றார்.

மோட்டார் எரிந்துபோனது, புதிது வாங்க மதிப்பீடு போட்டு ஒன்றிய ஆபீசுக்கு அனுப்பியாச்சு, வந்ததும் போட்டுவிடலாம் என்றார் தலைவர். குரலில் பழைய துள்ளல் குறைந்திருந்தது.

"எப்ப அனுப்புன?"

தலைவர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளர் ஒரு கட்டைப் பிரித்தார், இன்னொரு கட்டைப் பிரித்தார். "போன மாசம்" என்று மைக் இல்லாமல் சொன்னார். "போன மாசம் எந்தத் தேதி?" என்று கேட்டது அந்த அம்மா இல்லை, முதலில் சிவந்துபோய் உட்கார்ந்த இளவட்டம். அதுவரை குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்த பற்றாளரும் நிமிர்ந்து, "அனுப்புன நம்பரைச் சொல்லுங்க, நான் போயி விசாரிக்கிறேன்" என்றார். நம்பர் இல்லை. கட்டுகளை மறுபடி கட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தலைவர் மைக்கைக் கைமாற்றிப் பிடித்தார். "அனுப்பலை. எஸ்டிமேட் போட்டது உண்மை, அனுப்ப விட்டுப்போச்சு. திங்கக்கிழமை நானே கொண்டுபோயிக் குடுக்குறேன்."

அன்று அவர் சொன்னதிலேயே நல்ல பதில் அதுதான். யாரும் கைதட்டவில்லை. அந்த அம்மா, "சரி, எழுதிக்க" என்று செயலாளரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியது. அதற்குப் பிறகு கூட்டத்தின் போக்கே மாறிவிட்டது. தெருவிளக்கு திரும்பி வந்தது: எத்தனை பல்பு இருப்பில் இருக்கிறது, யார் மாட்டுவது. கருவேலம் திரும்பி வந்தது: கண்மாய் ஊராட்சியுடையதா பொதுப்பணித் துறையுடையதா, ஏலம் விட யார் அனுமதி வேண்டும். தலைவர் கேலியை விடவில்லை. அவர் சுபாவம் அது. ஆனால் ஒவ்வொரு கேலிக்கும் பின்னால் "எப்ப?" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது. அவருக்கு வியர்த்தது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவர்மேல் எனக்கு மரியாதை கூடித்தான் போனது. எல்லாரும் பார்த்திருக்க 'அனுப்பலை' என்று சொல்லுகிற தலைவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பதினொன்று முதல் பன்னிரண்டு வரை

அந்த அம்மா கேட்ட இரண்டாவது கேள்விக்கு டெல்லியில் துணைக் கேள்வி என்று பெயர். மக்களவையில் கேள்வி நேரம் காலை பதினொரு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியும். குறைந்தது பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுத்து, குலுக்கலில் தேறி, ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் வாய்மொழிப் பதிலுக்கு வரும். 230 கேள்விகள் எழுத்துப்பூர்வ பதிலோடு சரி. இருபதில் நாலைந்து அவையில் எடுத்துக்கொள்ளப்பட்டாலே பெரிது. முதல் கேள்விக்கான பதிலை அதிகாரிகள் எழுதி, செயலர் பார்த்து, அமைச்சர் கைக்கு வந்திருக்கும். அதில் அமைச்சரைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. கேட்டவர் எழுந்து, அந்தப் பதிலை வைத்துக்கொண்டே துணைக் கேள்வி கேட்கிறாரே, அங்கேதான் துறையைத் தெரிந்த அமைச்சரும் தெரியாத அமைச்சரும் பிரிகிறார்கள். பின்வரிசை அதிகாரிகள் பகுதியிலிருந்து சீட்டு பறந்து வருவதைப் பார்த்தால் யார் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

துணைக் கேள்விக்கு என்ன பலம் உண்டு என்பதற்குப் பழைய சாட்சி முந்த்ரா விவகாரம். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் அதன் பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் போடப்பட்டது. 1957 செப்டம்பரில் மக்களவையில் அதைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. வந்த பதிலில் பிடி கிடைக்கவில்லை. அதோடு விட்டிருந்தால் கதை முடிந்தது. நவம்பரில் மறுபடி கேட்டார்கள். டிசம்பரில் பெரோஸ் காந்தி, ஆளும்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன், ஆவணங்களோடு எழுந்தார். நீதிபதி சாக்ளாவின் விசாரணை பொதுமக்கள் முன்னால் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர், பதவி விலகினார். அவர் மந்தமான பேச்சாளர் இல்லை. நறுக்கென்று பதில் சொல்வதில் பெயர் எடுத்தவர். அந்தத் திறமை மூன்றாவது, நான்காவது கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை.

இதற்கு நேர் எதிரான சாட்சி 2020. கொரோனாவைக் காரணம் காட்டி அந்த ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப்பூர்வ பதில் உண்டு, அதனால் ஒன்றும் குறையவில்லை என்றார்கள். ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் பதில் கொடுத்தது. செய்தித்தாள்கள் கொந்தளித்தன, நாங்களும் கொந்தளித்தோம். ஆனால் அந்த வரியைக் கொடுத்த அமைச்சர் எதிரே நின்று, 'ஏன் பராமரிக்கவில்லை? ரயில்வேயிடம் கேட்டீர்களா? எந்தத் தேதியில்?' என்று கேட்க ஓர் உறுப்பினருக்கும் வழி இல்லை. வேப்பமரத்தடி அம்மாவுக்கு இருந்த வாய்ப்பு அவர்களுக்கு இல்லாமல் போனது.

அமைச்சர்கள் நழுவுகிற வார்த்தைகளுக்கும் அவை ஒரு கணக்கு வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று இயங்குகிறது. 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்', 'நான் கவனிக்கிறேன்' போன்ற தொடர்களை அது பட்டியலாகவே வைத்திருக்கிறது. அமைச்சர் வாயிலிருந்து அதில் ஒன்று விழுந்தால் அது உறுதிமொழி; மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். காமராஜரின் 'ஆகட்டும் பார்க்கலாம்' இந்தப் பட்டியலில் எங்கே வரும் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "அவரு சொன்னா அது கெஜட்டு" என்றார், கோபமாக. அவகாசம் கேட்டுக் கேட்டே ஆண்டுக்கணக்கில் கிடக்கும் உறுதிமொழிகள் உண்டு என்பது வேறு கதை. ஆனாலும் 'எழுதிக்க' என்று ஒரு புத்தகத்தில் ஏற்றிவைக்கிற ஏற்பாடு இருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இதெல்லாம் எய்ம்ஸ் மூலமாக அத்துப்படி. 2015 நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு. 2018இல் இடம் தோப்பூர் என்று முடிவானது. 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதன் பிறகு வந்ததெல்லாம் பதில்கள்தான். 1,264 கோடி மதிப்பீடு 1,977.80 கோடியாக ஏறியது, பெரும்பங்கு ஜப்பானின் ஜைக்கா கடன், கடன் ஒப்பந்தம் எப்போது, டெண்டர் எப்போது என்று நமக்குத் தெரிய வந்தது அத்தனையும் உறுப்பினர்கள் விடாமல் கேட்டதாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் சிலர் மனுப் போட்டதாலும். 2021 தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் இதுதான் எய்ம்ஸ் என்று ஒற்றைச் செங்கலைத் தூக்கிக் காட்டியது ஊருக்கே ஞாபகம் இருக்கிறது. எனக்கும் பிடித்த காட்சிதான் அது. ஆனால் அந்தச் செங்கல் எங்கள் கோபத்துக்கு ஒரு படத்தைக் கொடுத்ததே தவிர, கடன் ஒப்பந்தத் தேதியைக் கொடுக்கவில்லை. தேதி கிடந்தது யாரும் பகிராத எழுத்துப்பூர்வ பதில்களில். முதல் ஐம்பது மாணவர்கள் 2022இல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்கள். தோப்பூரில் கட்டுமானம் தொடங்க 2024 ஆனது.

இன்னொரு மதுரை விஷயமும் உண்டு. 2009இல் மு.க. அழகிரி இங்கிருந்து வென்று ரசாயனம், உரத்துறை அமைச்சரானார். கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்ல அனுமதி கேட்டார். அமைச்சர்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பதில் சொல்லலாம் என்ற நடைமுறையைக் காட்டி மறுத்தார்கள். அவர் துறைக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் இணை அமைச்சர்தான் எழுந்தார். அவரைக் கேலி செய்து அப்போது வந்த நகைச்சுவைத் துணுக்குகளுக்கு அளவே இல்லை. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. உறுப்பினர் தன் மொழியில் கேட்கலாம், அமைச்சர் தன் மொழியில் சொல்லக் கூடாது என்பது என்ன ஏற்பாடு? மொழிபெயர்ப்பாளர்கள் சும்மாவா உட்கார்ந்திருக்கிறார்கள்? நம் ஊர் டெல்டாக்காரனுக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்காரனுக்கும் யூரியா எப்போது வரும் என்ற கேள்விக்கு, பொறுப்பான அமைச்சரே எழுந்து நின்று மாட்டிக்கொள்ளும் வாய்ப்பை அந்த விதி கெடுத்தது.

புதன்கிழமை

பிரிட்டனில் ஒவ்வொரு புதன்கிழமையும் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிரதமர் அரை மணி நேரம் நிற்கிறார். 1961 முதல் வாரம் இருமுறை கால் கால் மணி நேரமாக இருந்ததை 1997இல் டோனி பிளேர் ஒன்றாக்கினார். முதல் கேள்வி சம்பிரதாயம்: இன்று உங்கள் அலுவல்கள் என்ன? அதை வாசலாக வைத்துக்கொண்டு துணைக் கேள்வியில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்வி. என்ன வரும் என்று பிரதமருக்கு முன்கூட்டித் தெரியாது. ஒரு உறுப்பினர் தன் தொகுதி மருத்துவமனையைக் கேட்பார், அடுத்தவர் போரைப் பற்றிக் கேட்பார். நம் மக்களவையிலும் பிரதமர் பொறுப்பில் உள்ள துறைகளுக்குப் புதன்கிழமைதான். அணுசக்தி, விண்வெளி, பணியாளர் நலன். பதில் சொல்ல எழுகிறவர் இணை அமைச்சர். பிரதமர் விவாதங்களுக்கு முடிவுரை ஆற்றுவார். நீளமான, தயாரித்த, மேசை அதிரும் உரை. அதற்கு நடுவே யாரும் துணைக் கேள்வி கேட்க முடியாது. ஒரு கட்சியை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. வரிசையாகப் பல பிரதமர்கள் இந்தச் சௌகரியத்தை அனுபவித்திருக்கிறார்கள்.

நேரு வெளியுறவையும் தானே வைத்திருந்ததால் அவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. 1959 ஆகஸ்ட் கடைசியில், எல்லையில் என்ன நடக்கிறது என்று உறுப்பினர்கள் நெருக்கியபோது, அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டிருப்பதை அவர் மக்களவையில் சொல்ல வேண்டி வந்தது. அடுத்த மாதமே கடிதங்களைத் தொகுத்து வெள்ளை அறிக்கை வைத்தார். அவருக்கு அது வெற்றி இல்லை. அவர் செல்வாக்கு சரியத் தொடங்கிய இடம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நாட்டுக்கு அந்தச் செய்தி கிடைத்தது.

பிரதமரும் வாரம் அரை மணி நிற்க வேண்டும் என்பது என் கட்சி. சித்தப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "நின்னா என்னம்மா ஆகும்? அரை மணி நேரத்துல அறுபது வீடியோ வரும். அவ்வளவுதான்." லண்டன் கதையும் இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது என்பதால் எனக்கு உடனே பதில் வரவில்லை. அங்கேயும் ஆறு கேள்வியும் ஆறு குத்தலாகத் தேய்ந்துபோன வாரங்கள் நிறைய. ஆனால் குத்தலுக்கு நடுவே எந்தக் கட்சி என்றே தெரியாத ஒரு பின்வரிசை உறுப்பினர் எழுந்து, ஒரு பெண்ணின் பென்ஷன் ஏன் நிற்கிறது என்று கேட்கிறார். பிரதமர் 'நான் அந்த அமைச்சரிடம் பேசுகிறேன்' என்கிறார். அது பதிவாகிறது. அது போதும் எனக்கு. மீதி அறுபது வீடியோவையும் சித்தப்பா அனுப்பிக்கொள்ளட்டும்.

நிற்க ஆள் இல்லாத கூட்டம்

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. மதுரை உட்படப் பல மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளுக்கும் பொறுப்பு. இந்த நேரத்தில்தான் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் போராட்டமும் நடந்து முடிந்தது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும் அரிட்டாபட்டியும் சுற்று வட்டாரமும் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. யாருக்கு எப்போது தெரியும், யார் எந்தத் தேதியில் கடிதம் எழுதினார்கள் என்று அங்கே கடுமையான வாக்குவாதம். ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குள் நடந்து வந்த கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. எந்த மாதத்தில் ஊருக்குப் பதில் சொல்லும் தலைவர் அதிகம் தேவைப்பட்டாரோ, அந்த மாதத்தில் அவர் பதவி இல்லாமல் இருந்தார்.

மே தினக் கிராம சபைக்கு அம்மாவோடு போனேன். அதே நாடக மேடை. மேடையில் செயலாளரும், நான் முன்பு பார்த்திராத ஓர் அதிகாரியும். பழைய தலைவர் கீழே, வேப்பமரத்தடியில், மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி மரியாதையான மனிதர். கேலி செய்யவில்லை, யாரையும் சிவக்க வைக்கவில்லை. தெருவிளக்கா, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம். 100 நாள் சம்பளப் பாக்கியா, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம். பையன்களுக்கு இரண்டாவது கேள்வி எங்கே கேட்பது என்று தெரியவில்லை. இந்த மனிதரைத் தேர்தலில் தோற்கடிக்கவும் முடியாது, தெருவில் நிறுத்திக் கேட்கவும் முடியாது. கேலி செய்த தலைவரை எனக்கு அன்று தேடியது.

மேட்டுத் தெரு மோட்டார் முந்தைய வருடம் மாட்டியது, திரும்பவும் பழுது. அதைச் சொல்ல எழுந்தவர் பழைய தலைவர்தான். மைக் இல்லை, ஆனால் அவருக்கு அது தேவையும் இல்லை. "எஸ்டிமேட் எந்தத் தேதியில சார் போட்டீங்க?"

"பரிசீலனையில இருக்குங்க" என்றார் அதிகாரி.

"சரி சார். அதை அப்பிடியே தேதி போட்டு நோட்டுல எழுதச் சொல்லுங்க. ஆகஸ்டு பதினஞ்சுக்கு வந்து கேக்குறோம்."